குழந்தைசாமி சாரின் சனிக்கிழமைப் பிரசங்கம்

சவரக் கத்தி கழுத்தில் இருக்கும்போது ஒரு மனிதனிடம், "இப்பவே உன் உயிர் போனா நீ எங்க போவே?" என்று கேட்கக் கூடாது. பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத எனக்கே இது தெரியும். பள்ளிக்கூடத்திலேயே டிரில் மாஸ்டராக இருந்து ரிடையர் ஆன குழந்தைசாமி சாருக்குக் கடைசி வரை தெரியவில்லை. எத்தனையோ வருஷமாக இந்த வயிற்றெரிச்சலோடுதான் நான் கடை நடத்தினேன்.

மைசூரு காந்திநகரில் இருக்கிற என் சலூனுக்கு அவர் சனிக்கிழமை தவறாமல் வருவார். முடி வெட்டிக்கொள்ள அல்ல. வெட்டுவதற்கு அவர் தலையில் ஆண்டவர் ஒன்றும் விட்டு வைக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி இருப்பார். நான் ஒருத்தர் முகத்தில் நுரை பூசி முடிக்கிற வரை காத்திருப்பார். அதற்கப்புறம்தான் அவருக்குச் சுவிசேஷம் ஞாபகம் வரும். பாதி முகத்தோடு எவன் எழுந்து ஓடுவான்?

பால் பூத் நஞ்சுண்டசாமியிடமும் அதே கேள்வியைக் கேட்டார். டிரில் வகுப்பில் பழகிய குரல், தெருமுனை வரை கேட்கும். நஞ்சுண்டசாமி வானத்தைப் பார்க்கவில்லை; கண்ணாடியில் என் கையைப் பார்த்தார். "பேடா சார், பேடா" என்று, வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் உதடு அசையாமல் முனகினார். அப்புறம் என்னிடம், "சீக்கிரம் முடி சித்தையா, வீட்டுக்குப் போகணும்" என்றார். அடுத்த வாரம் எதிரில் இருக்கும் ஏசி சலூனில் இருந்தார்.

"சார், இதையெல்லாம் சர்ச்சுல சொல்லுங்க. இது சலூனுங்க" என்றேன்.

"சர்ச்சுல இருக்கறவங்க கேட்டவங்க, சித்தையா. கேக்காதவன் உன் கடைக்குத்தானே வர்றான்?"

"இனிமே அவனும் வரமாட்டானுங்க."

ஆள் இல்லாத நேரத்தில் எனக்கே சொல்வார். நான் வருஷா வருஷம் மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்குப் போகிறவன் என்பது அவருக்குத் தெரியும். அதற்காக விடுவாரா? பாவம், சிலுவை, மன்னிப்பு, இரட்சிப்பு என்று கேட்டுக் கேட்டு எனக்கு வரிசையாக மனப்பாடம். அவருக்கு இருமல் வந்தால் அடுத்த வார்த்தையை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் சந்தோஷப்படுவார். எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஊருக்கெல்லாம் சொன்னவரால் ஒருத்தனை மட்டும் கேட்க வைக்க முடியவில்லை. அவன் அவருடைய ஒரே மகன் எரிக். நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரியில் வேலை. அவனும் என் வாடிக்கைதான். ஞாயிற்றுக்கிழமை, சரியாக ஆராதனை நேரத்தில் வருவான். அப்பா சர்ச்சில், மகன் என் நாற்காலியில்.

"சர்ச்சுக்குப் போகலையா தம்பி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எனக்குப் பொண்ணு பாக்கப் போனோம், அண்ணா. பொண்ணோட அப்பா ஹார்ட் ஆபரேஷன் முடிஞ்சு அப்பத்தான் வீட்டுக்கு வந்திருந்தார். நம்ம ஆளு அவர் பக்கத்துல போய் உக்காந்து, இப்பவே உயிர் போனா எங்க போவீங்கன்னு கேட்டார். காபிகூட வரல."

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"வீட்ல என்ன பேசினாலும் பிரசங்கம். அவர் ஆண்டவர் அவரோடயே இருக்கட்டும்."

குழந்தைசாமி சாருக்கு இது தெரியாமல் இல்லை. ஒரு சனிக்கிழமை, கடை காலியாக இருந்தபோது சொன்னார்: "ஊரெல்லாம் கரையேறி, என் பிள்ளை மட்டும் நின்னுடுவானோன்னு பயமா இருக்குப்பா."

"ஊர் எங்க சார் கரையேறுச்சு? எதிர்த்த ஏசி சலூனுக்குத்தான் ஏறுச்சு" என்றேன். எப்போதும் பதிலுக்குப் பதில் கொடுப்பவர், அன்று பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

போன மழைக்காலத்தில் அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வார்டு நர்ஸ் நிம்மி எனக்குப் போன் செய்து, "அங்கிளுக்கு ஷேவ் பண்ணணும். நீங்கதான் வரணும்னு அடம் பிடிக்கிறார்" என்றாள்.

போனேன். பக்கத்துக் கட்டில்காரர், சார் கொடுத்த சுவிசேஷத் துண்டுப்பிரசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்ததால் பாவம், அவரால் வேறெங்கும் போக முடியவில்லை.

குழந்தைசாமி சாருக்கு நுரை பூசினேன். சத்தமே இல்லை. அவர் பேசினால்தான் எனக்குக் கோபம் வரும். அன்று பேசாதது பயமாக இருந்தது. பாதிக் கன்னம் முடிந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"காலையில எரிக் வந்தான். வாயைத் திறந்தேன். 'ஆரம்பிச்சிட்டீங்களாப்பா'ன்னான். நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டீங்களா! நீங்களா?"

"நான் பேசினாலே அவனுக்குக் காது அடைச்சுக்குது, சித்தையா. எனக்கு நாள் இல்ல. நீ அவன்கிட்ட சொல்றியா?"

"நானா? நல்லா இருக்குதுங்க. நான் மாதேஸ்வரனுக்கு மொட்டை போடறவன். எங்க வீட்டுக்காரி மாதம்மாவுக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ளயே விடமாட்டா."

"நீ நம்ப வேண்டாம்ப்பா. சொன்னாப் போதும். உன்கிட்ட பேசும்போது அவன் சண்டைக்கு நிக்கறதில்ல."

மறுகன்னத்தை வழித்தேன்.

"எல்லாத்தையுமா சொல்லணும்?"

"எல்லாம் வேண்டாம். பயமுறுத்தற மாதிரி எதுவும் வேண்டாம். அதை நான் நிறையச் சொல்லியாச்சு. ஆண்டவருக்கு அவன் மேல கோபம் இல்ல, எப்ப வந்தாலும் சேத்துக்குவார்னு மட்டும் சொல்லு."

துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டேன். கிளம்பும்போது கையைப் பிடித்தார். அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே."