துறையில் முதல் பேச்சு

ஆவூர்ப் பக்கம் வயற்காட்டில் பிறந்த என்னை, மணமேல்குடிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். மீன் வாடை சீக்கிரமே பழகிவிட்டது. இருட்டிய பிறகு படகுத் துறையில் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் பழகவேயில்லை.

விளக்கு கொண்டுபோனால் அதைக் கடல் பக்கம் காட்டக் கூடாது. இருட்டில் வருகிறவர்களுக்குக் கண் கூசிக் கரை தெரியாமல் போய்விடுமாம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். படகு வந்து ஒதுங்கினால் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. முதலில் கயிற்றைப் பிடித்துப் படகை மேலே இழுத்துவிட வேண்டும். அதற்கப்புறம்தான் என் ஆள் எங்கே என்று வாயைத் திறக்கலாம். பேச்சில் கவனம் போனால் படகு அலையில் புரண்டுவிடும் என்பார்கள். நல்ல நியாயம்! நெஞ்சு அடித்துக்கொள்கிறவளுக்கல்லவா தெரியும்.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானத்துக்கு மேல் காற்று திடீரென்று திரும்பியது. பொழுது சாய்ந்தும் என் வீட்டுக்காரர் போன படகு வரவில்லை. அரிக்கேன் விளக்கை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு கரையில் அங்கும் இங்கும் நடந்தேன். எதிர்வீட்டுக்காரி மணலில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஆடு என் முருங்கைக் கன்றைத் தின்றதிலிருந்து எங்களுக்குள் பேச்சு கிடையாது. அவள் புருஷனும் வேறொரு படகில் போயிருந்தார்.

ஒரு படகு வந்தது. இழுத்துவிட்டுக் கேட்டேன்.

"பாக்கலையே தங்கச்சி" என்றார்கள்.

இன்னொன்று வந்தது. கயிறு உள்ளங்கையை உரித்தது. அதே பதில்தான். வந்து சேர்ந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் கரையிலேயே ஏன் நிற்கிறார்கள் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

அடுத்த படகு ஒதுங்கும்போது இருட்டுக்குள் ஒரு இருமல் கேட்டது. அவர் இருமல்! ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன். படகு மேலேறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். தொப்பலாக நனைந்து இறங்கியவர், என்னைத் தாண்டி நேராக எதிர்வீட்டுக்காரியிடம் போனார்.

"அக்கா, அண்ணன் பின்னால வாராக. பாய் கிழிஞ்சுபோச்சு, துடுப்புப் போட்டு வாராக. ஆளுக்கு ஒண்ணும் இல்லக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன மரமா? பாயப் போனவளை, கூட நின்று கயிறு இழுத்த என் ஓரகத்தி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கரைக்கு வந்தவுக, இன்னும் காத்துக்கிட்டு இருக்கவுககிட்டத்தான் மொதப் பேச்சு பேசணும். கடைசிப் படகு வர்ற மட்டும் யாரும் போகவும் மாட்டாக. ஒனக்குத்தான் ஆளு வந்தாச்சுல்ல, பேசாம நில்லு."

ஆத்திரம் அடங்காமலே நின்றேன். வெகுநேரம் கழித்துக் கடைசிப் படகு வந்தது. எதிர்வீட்டுக்காரி ஒரு வார்த்தை கேட்காமல் கயிற்றைப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் நான் பிடித்தேன். அவள் புருஷன் இறங்கிக் கரையைச் சுற்றிப் பார்த்தார். காத்திருக்கிறவர் இனி யாரும் இல்லை. அதன் பிறகே பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

என் வீட்டுக்காரரும் அப்போதுதான் என்னிடம் வந்தார்.

"சாப்ட்டியா?"

"இப்பத்தான் என் மூஞ்சி ஒங்க கண்ணுக்குத் தெரிஞ்சிச்சா?" என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. வழியெல்லாம் அழுதுகொண்டே திட்டினேன். அவர் விளக்கை வாங்கிக்கொண்டு, என் காலடியில் வெளிச்சம் விழும்படி பிடித்தபடி பக்கத்திலேயே நடந்து வந்தார்.