அஞ்சாவது ஏன்

எங்கள் வீட்டு லேப்டாப்பில் இரண்டு இயங்குதளம் போட்டது நான்தான். யாரும் கேட்கவில்லை. விண்டோஸ் ஒன்றே போதும் என்று என் மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள். ஓசூர் தொழிற்பேட்டையில் பதினைந்து வருஷம் குப்பை கொட்டி, மெஷின் ஷாப் சூப்பர்வைசராக ஆனவன் நான். எனக்கு ‘போதும்’ என்ற பேச்சே ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பக்கத்திலேயே லினக்ஸையும் ஏற்றிவிட்டேன். அதற்கப்புறம் லேப்டாப்பை ஆன் செய்தால் ஒரு பட்டியல் வரும். முதல் வரி லினக்ஸ், கீழே விண்டோஸ். பத்து விநாடிக்குள் கீழே இறங்கி என்டர் தட்டினால் விண்டோஸ், சும்மா இருந்தால் லினக்ஸ். லினக்ஸை மேலே வைத்தது என் திமிர். அதில் நான் செய்த வேலை என்னவென்றால், சீட்டு விளையாடியதுதான்.

என் மனைவி கர்நாடக எல்லையை ஒட்டிய தளி ஊர்க்காரி. அவளுக்குள்ளும் இரண்டு உண்டு: சாதாரணத்துக்குத் தமிழ், கோபத்துக்குக் கன்னடம். எப்போது எது வரும் என்று பட்டியல் எல்லாம் காட்ட மாட்டாள். டை டிசைன், அதாவது அச்சு வடிவமைப்பு படித்தவள், குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள், ஆறு வருஷம் ஓடிப்போனது. திரும்ப வேலைக்குப் போக நாலைந்து இடத்தில் முட்டிப் பார்த்தாள். ‘இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க’ என்று கேட்டே அனுப்பிவிட்டார்கள். போன வருஷம் ஒரு கம்பெனி மட்டும் அதைக் கேட்காமல் ஒரு தேர்வு வைத்தது. ஒரு அச்சின் படத்தை வரைந்து அவர்களுடைய இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். விஜயதசமி அன்று பகல் பன்னிரண்டு மணிக்குப் பக்கம் மூடிவிடும். அதற்குப் பண்டிகையெல்லாம் தெரியாது. வரைகிற மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். படம் முடிந்துவிட்டது, மூன்று அளவுகளைப் போடுவதுதான் பாக்கி.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம், லேப்டாப்பையும் பூஜையில் வைக்கணும் என்றேன். அனுப்பிவிட்டு வைத்துக்கொள்ளலாமே என்றாள். பூஜை போடாத மிஷினில் வேலை பார்த்தால் உருப்படுமா என்று நான் ஒரு பிரசங்கம் செய்தேன். ஃபேக்டரியில் வருஷா வருஷம் எல்லா மிஷினுக்கும் பொட்டு வைப்பது நான்தான். பச்சை ஸ்டார்ட் பட்டன் மேல் கெட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம். வேறு யாரையும் தொட விடமாட்டேன். லேப்டாப்பில் பச்சை பட்டன் இல்லை. யோசித்தேன். எல்லா வேலையும் தொடங்குவது என்டரில் இருந்துதானே? பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை என்டரில் தாராளமாக அப்பினேன். பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது என்பதால், மூன்று அளவும் நாளைக்குத்தான் என்று தீர்ப்பும் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சூடம் காட்டி லேப்டாப்பை எடுத்துக் கொடுத்தேன். ஆன் செய்தாள். பட்டியல் கண் சிமிட்டுகிற நேரம் வந்து மறைந்தது, லினக்ஸ் திறந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் லினக்ஸ். பத்து தடவை போட்டும் பட்டியல் நிற்கவே இல்லை.

எங்கள் ஃபேக்டரியில் எந்தக் கோளாறு வந்தாலும் ஐந்து முறை ‘ஏன்’ கேட்க வேண்டும், ஐந்தாவது ஏனில்தான் உண்மைக் காரணம் இருக்கும் என்பது சட்டம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை நான் வகுப்பே எடுக்கிறேன். வீட்டில் முதல் ஏனிலேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். நீதான் ஏதாவது அப்டேட் கொடுத்திருப்பாய் என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

போனில் படித்துப் படித்து, பட்டியலைப் பழுது பார்க்க லினக்ஸில் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து கட்டளை அடிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். திறந்தேன். அடடா, நான் கை வைக்கும் முன்பே வரிகள் தானாக மளமளவென்று ஓட ஆரம்பித்தன. ‘பார்த்தியா, லினக்ஸுக்கு எல்லாம் தானாவே தெரியும்’ என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, கைகட்டி உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஓடியது. நடுவில் எழுந்து போய் சுண்டல் சாப்பிட்டுவிட்டு வந்தேன், அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

மணி பதினொன்றரை. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. வேலை போனால் போகுது என்று சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளை சொல்லவில்லை. அவள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“எல்லா வரியும் காலியா இருக்குதே. ஏன்?”

“யாரோ என்டர் தட்டிட்டே இருக்கற மாதிரிதான் இருக்குது.”

“யாரு தட்டறாங்க?”

இரண்டு பேரும் குனிந்து கீபோர்டைப் பார்த்தோம். ராத்திரி முழுக்கக் காய்ந்த சந்தனம் இடுக்கில் இறங்கி, என்டரை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஃபேக்டரி பட்டனுக்கு ரப்பர் உறை உண்டு, இதற்கு இல்லை. அவள் காது குடையும் பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்தாள். நான் சும்மா இருந்தேனா? வைத்த பொட்டை அழிக்கக்கூடாது, அதுவாகத்தான் உதிரணும் என்று கையை நீட்டித் தடுத்தேன். ஷாப்பில் ஒருத்தரும் துடைக்க மாட்டார்கள், பொங்கல் வரைக்கும் அப்படியே இருக்கும்.

“ஸும்னெ கூத்கொள்ளி,” என்றாள்.

கன்னடம் வந்துவிட்டது. சும்மா உட்கார்ந்தேன்.

டிக்கென்று என்டர் மேலே எழும்பியது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். பட்டியல் நின்றது, விண்டோஸ் திறந்தது. மூலையில் கடிகாரம் காலை ஆறு பத்து என்று காட்டியது. ‘அப்பாடா, நிறைய நேரம் இருக்குது’ என்றேன். அவள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள், பதினொன்று நாற்பது. லினக்ஸில் இருந்து வந்தால் விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும் என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் என் கைங்கரியம்தான். மூன்று அளவையும் போட்டு பதினொன்று ஐம்பத்தாறுக்கு ஏற்றினாள். அப்புறம் அழுதாள். நானும்தான், ஆனால் சமையலறைக்குப் போய்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். சமீபத்தில் நீங்கள் கண்டுபிடித்த ஒரு கோளாறைச் சொல்லுங்கள் என்று கேட்டார்களாம். எழுந்து போய் போர்டில் ஐந்து ஏன்களையும் எழுதிக் காட்டிவிட்டு வந்திருக்கிறாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். வேலை கிடைத்ததில் நானும் அதை மறந்துவிட்டேன்.

இந்த வருஷம் அவள் கம்பெனியில் குடும்ப விழா. சட்டையை இன் செய்துகொண்டு போனேன். அவளுடைய மேனேஜர் தூரத்தில் இருந்தே அவள் பக்கத்தில் என்னைப் பார்த்துவிட்டு, கூட இருந்த நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“சார், அந்த அஞ்சாவது ஏன் நீங்கதானா?”