தரையில விடாத புள்ள

பாயில குப்புறப் போட்டு ஒரு நிமிஷம்கூட ஆகல, புள்ளையோட அப்பா குனிஞ்சு தூக்கிட்டார். அன்னிக்கே மூணாவது தடவை. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல.

அரியலூர்ல குறைமாசக் குழந்தைங்களுக்குத் தெரபி கொடுக்கிற சென்டர்ல ரொம்ப வருஷமா பிசியோதெரபிஸ்ட்டா இருக்கேன். செந்துறைப் பக்கத்து செல்வகுமார் மாதிரி ஒரு அப்பாவைப் பார்த்ததே இல்ல. சிமென்ட் பேக்டரியில வேலை. கல்யாணமாகி ரொம்ப நாள் கழிச்சு, ஏழாம் மாசத்துலயே பொறந்த பொண்ணு. இன்குபேட்டர்ல கெடந்து பொழச்சு வந்தவ. வூட்டுக்கு வந்ததுலேர்ந்து அவளை யாரும் கீழ விட்டதில்ல. அப்பா மடி, அம்மா மடி, அத்தை தோளு, தூங்கினா தூளி. தரைன்னு ஒண்ணு இருக்கறதே அவளுக்குத் தெரியாது.

பொறந்து ஏழு மாசம். முன்னாடியே பொறந்த நாளைக் கழிச்சாலும் அஞ்சு மாசத்தை நெருங்கிட்டா. தலை நிக்கல. இப்ப கழுத்து நிக்காட்டி உக்கார்றது, தவழறது எல்லாம் தள்ளிப் போயிடும். அதான் என் பயம். தெனம் குப்புறப் போடுங்கன்னு சொல்லுவேன், தலையாட்டிட்டுப் போவாங்க. திரும்பி வந்தா அதே தொங்குற கழுத்து. கேட்டா, புள்ள தானா கவுந்து விழணுமாம், அப்பத்தான் கொழுக்கட்டை செய்யணுமாம். நாமளா கவுத்தா மூச்சு முட்டிடுமாம். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்.

"எதுக்கு சார் தூக்கிக்கிட்டே இருக்கீங்க? நான் என்ன புள்ளையக் கடிச்சா திங்கப் போறேன்?"

அவர் புள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார். "அங்க ஐசியூல கண்ணாடிக்கு அந்தாண்ட தனியா கெடந்து அழுவா மேடம். என்னால தொடக்கூட முடியல. இனிமே அவ எங்கயும் தனியாக் கெடக்கக் கூடாது."

கேக்கப் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா அழுதுக்கிட்டு நின்னா கழுத்து நிக்குமா?

"அப்ப நீங்க படுங்க"ன்னேன்.

பேன்ட் சட்டையோட மனுஷன் பாயில மல்லாந்து படுத்தார். தெரபிக்கு வந்திருந்த அம்மாங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அவர் நெஞ்சு மேல புள்ளையைக் குப்புறப் போட்டேன். அழுதா. தூக்க வந்த கையைப் பிடிச்சுக்கிட்டு, பேசுங்க சார்னு சொன்னேன். "அப்பா இங்கதான்டா இருக்கேன்"னு அவர் சொல்ல, குரல் வந்த பக்கம் தாடையைக் கொஞ்சம் தூக்கினா. உடனே விழுந்துட்டா. மறுபடியும் தூக்கினா.

ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் தெனம் இப்படிப் படுத்துக்கங்கன்னு அனுப்பினேன். இந்தத் தடவை கேட்டாங்க, அதிசயம்தான்.

ஒரு மாசம் கழிச்சு செல்வகுமார் தன்னோட அக்காவையும் கூட்டிட்டு வந்தார். புள்ளையை வெறும் பாயில குப்புறப் போட்டேன். வீல்னு கத்துச்சு. அத்தைக்காரி பாய்ஞ்சு வந்தாங்க. போச்சுடா, மறுபடியும் மொதல்லேர்ந்தான்னு நெனச்சேன். செல்வகுமார் அவங்க கையைப் பிடிச்சு நிறுத்திட்டு, பாயில புள்ளைக்கு எதிர்ல தரையோட தரையாப் படுத்துக்கிட்டார்.

"விடுக்கா. அழட்டும். நாமதான் இங்க இருக்கோமே."

புள்ள அழுதுக்கிட்டே தலையை முழுசா நிமித்தி அவர் மூஞ்சியைப் பார்த்துச்சு.

புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு ஒண்ணு சொல்றேன். இங்க புள்ளைங்க சொன்ன பேச்சு கேக்கும். அப்பா, அம்மா, அத்தைக்குத்தான் மொதல்ல தெரபி.