வானத்தில் பிடிக்கும் ஐஸ்

நான் திருகோணமலையில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் விற்கிறவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுவேன்.

போன மாரியில் என் மனைவிக்கு அவசரமாக இதய சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. கொழும்புக்குக் கொண்டுபோக, அவளுடைய தம்பி சீனன்குடா விமானத்தளத்தில் ஒரு சிறிய விமானம் ஒழுங்கு செய்தான். புறப்படும் நேரம் வானிலை அதிகாரியான ஒரு பெண் மறித்தார்.

"கீழ இடியும் மழையும். அதைத் தவிர்க்க உயர முகிலுக்குள்ளால போனால் இறக்கையில ஐஸ் பிடிக்கும். இண்டைக்குக் காலமை வானிலை பாக்க விட்ட பலூன் அனுப்பின வெப்ப, ஈர அளவுகள் அப்பிடித்தான் காட்டுது. அந்தக் குளிரிலயும் தண்ணி உறையாமல் நிக்குது. விமானம் பட்ட உடன உறைஞ்சு ஒட்டிடும்."

மச்சான் சிரித்தான். "எங்கட வெக்கை ஊரில ஐஸோ? அத்தான், உங்கட ஐஸ் கடைய மேலயும் திறந்திட்டீங்களோ?"

"குடும்பம் சம்மதிச்சால் போய்ப் பாக்கலாம்" என்றார் விமானி.

ஐஸ் கட்டியில் ஈரக்கை ஒட்டிக்கொள்வதை நான் தினமும் அனுபவிக்கிறவன்.

"ஏலாது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "றோட்டால போவம்."

"வழியில அக்காவுக்கு ஏதும் நடந்தால்?"

"நான் பொறுப்பு."

அம்புலன்ஸில் அவள் கையை நான் விடவேயில்லை. கொழும்பு போய்ச் சேர்ந்தோம். அவள் பிழைத்தாள்.

அன்று மேலே ஐஸ் இருந்ததா என்று ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. மச்சான் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான். சிரிக்கட்டும். நாளைக்குக் கேட்டாலும் நான் ஏலாது என்றுதான் சொல்வேன், இன்னும் சத்தமாக.