சிலேட்டில் தீட்டிய கத்தி

கிணற்றடி வாழை மூட்டில், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குள் பாதி புதைந்து கிடந்தது அந்தச் சவரக் கத்தி. சட்டி விளக்க மண் அள்ளப் போன என் விரலில் முதலில் தட்டுப்பட்டது அதன் கொம்புப் பிடி. இழுத்தெடுத்துப் பார்த்தால், மடிக்காமல் விரிந்தபடியே கிடந்த அலகு முழுவதும் துரு. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் நாலைந்து தென்னைகள்தான். அந்த உப்புக் காற்றில் இரும்பு படும் பாட்டைச் சொல்லவா வேண்டும்! அங்கேயே குந்தியிருந்து அழுதேன். சவரம் செய்துகொண்டிருந்தபோது வாப்பா வாதம் வந்து விழுந்த காலையில், அவர் கையிலிருந்து தெறித்த கத்தி அது. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய அமளியில் யாரும் அதைத் தேடவில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. கல்முனைக் கடைத்தெருவில் வாப்பாவுக்குச் சின்னதாக ஒரு புடவைக் கடை இருந்தது. அப்படியொரு சுத்தக்காரரை நான் பிறகு கண்டதில்லை. சாரனில் ஒரு சுருக்கம் இருந்தால் வாசல்படி இறங்கமாட்டார். நாடியில் மட்டும் சின்னத் தாடி விட்டு, கன்னத்தையும் கழுத்தையும் வெள்ளிக்கிழமை தவறாமல் மழுங்க வழிப்பார். அதற்கென்று முருங்கை மரத்தில் ஒரு கைக்கண்ணாடி தொங்கும். கத்தி அவருடைய வாப்பா பாவித்தது. ஊரில் எல்லா ஆண்களுக்கும் முடி வெட்டுகிற ஒஸ்தா இருந்தும், வாப்பா அவருக்குத் தலையைத்தான் கொடுப்பார், முகத்தைக் கொடுக்கமாட்டார். அது அவருடைய ஒரு குணம், அவ்வளவுதான்.

வாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் ஒன்றாகக் கொண்டுபோனது. அறிவு மட்டும் பழையபடியே இருந்தது. அதுதான் கொடுமை. எல்லாம் விளங்கும், ஒரு சொல்லும் வராது. ஒஸ்தா வீடு தேடி வந்து முகம் வழித்துவிடுகிறேன் என்றார். வாப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கூட்டாளிமார் பார்க்க வந்தால் சால்வையை இழுத்து முகத்தை மூடுவார். மாவடிப்பள்ளியிலிருந்து சாச்சா, அதாவது வாப்பாவின் தம்பி, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கூட்டிப்போக மாட்டு வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். வாப்பா இடது கையால் கன்னத்துத் தாடியைத் தடவிக் காட்டித் தலையை ஆட்டினார். வண்டி சும்மா திரும்பிப் போனது. தொழுகைக்குப் போகாத வெள்ளிக்கிழமைகளில் அவர் கண்ணால் தண்ணீர் வடிந்ததை நான் கண்டிருக்கிறேன். இந்த முகத்தை ஒருக்கா வழித்துவிட்டால் மனிசன் படியிறங்கிப் பள்ளிவாசலுக்குப் போவார், நாலு பேரைக் காண்பார், உயிர் திரும்பும் என்று எனக்குப் பட்டது. அந்த நினைப்போடுதான் கத்தியைக் கழுவி உள்ளே கொண்டுபோனேன்.

எனக்குச் சவரக் கத்தியைப் பற்றி என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். அடுப்புச் சாம்பலைச் சலித்து, தேங்காயெண்ணெயில் குழைத்து, பழந்துணியால் தேய்த்தேன். துரு விட்டு உள்ளே இரும்பு தெரிந்தபோது என் வாயெல்லாம் பல். அந்தச் சந்தோசத்தில், கறிக்கத்தி தீட்டுகிற கல்லில் கறிக்கத்தியைத் தீட்டுவதுபோலவே முதுகைத் தூக்கிப் பிடித்து நாலு இழுப்பு இழுத்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கூர்ப்பக்கம் முழுவதும் பொடிப் பல். கெட்டது குடி! உம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தா.

“வேற வேல இல்லையா ஒனக்கு? பொம்புளப் புள்ளைக்குச் சவரக் கத்தி எதுக்கு? நாளைக்கு மாப்பிள வீட்டுப் பொம்புளையள் பாக்க வந்தா, கையில வெட்டுக் காயம் என்னெண்டு கேப்பாங்க. நான் என்னத்தச் செல்லுற?”

“வாப்பாக்கு முகம் வழிச்ச காயம் எண்டு செல்லுங்க” என்றேன். எனக்கு அப்போது மூக்கு நுனியில் கோபம் இருக்கும்.

கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அலகின் தடித்த முதுகோரத்தில் இரண்டு பக்கமும் மெல்லியதாக ஒரு தேய்ந்த கோடு. கூர் தேய்வது சரி, முதுகு ஏன் தேய வேண்டும்? தலையைக் குடைந்தபிறகு விளங்கியது. முதுகும் கூரும் ஒரே நேரத்தில் கல்லில் படுக்க வேண்டும், கையால் சாய்வு பிடிக்கத் தேவையே இல்லை. கூரில் விழுந்த பல்லைக் கல்லிலேயே தேய்த்துப் போக்கினேன். அந்தக் கல்லின் சொரசொரப்பு மெல்லிய கூருக்குச் சரிவராது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நான் பள்ளிக்கூடத்தில் எழுதிய சிலேட்டு பரணில் கிடந்தது. சட்டத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் தெளித்து அதில் தீட்டினேன். மை போலக் கறுப்புக் குழம்பு வரும். கழுவிவிட்டு மறுபடி தீட்டுவேன். கடைசியில் வாப்பாவின் அகலமான இடுப்பு வாரைக் கதவுக் கொண்டியில் மாட்டி, அதில் தடவினேன். கல்லில் கூர் முன்னே போக வேண்டும், தோலில் முதுகு முன்னே போக வேண்டும். இதை வாரில் ஒரு கீறல் விழுந்தபிறகுதான் படித்தேன். உம்மா அன்று முழுக்க வாய் ஓயவில்லை.

ஒருநாள் மாலை என் முன்கை மயிரில் வைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் வழித்தது. அன்று பிறை பார்க்கிற நாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்குரிய மாதம் பிறந்துவிட்டது என்று பள்ளியில் அறிவித்தார்கள். பெருநாள் தொழுகைக்கு வாப்பா வழித்த முகத்தோடு போவார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. விடிந்ததும் வெந்நீர், சவுக்காரம், கண்ணாடி எல்லாம் எடுத்துக்கொண்டு அவர் கட்டிலருகே போனேன். கத்தியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. வாங்கிப் பெருவிரலால் கூரைத் தடவினார், என்னைப் பார்த்தார். நான் நுரையைக் கன்னத்துக்குக் கொண்டுபோனதும் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டார். திரும்பவும் முயன்றேன், திரும்பவும் தள்ளினார். ஜன்னல் பக்கம் விரலை நீட்டி நீட்டிக் காட்டினார். வெளியே போ என்கிறார் என்றுதான் விளங்கிக்கொண்டேன்.

எனக்கு மனசு விட்டுப்போனது. பொம்பிளைப் பிள்ளையின் கையை நம்பவில்லை, ஒஸ்தாவுக்குக் காட்டாத முகத்தை எனக்கா காட்டப்போகிறார் என்று நினைத்தேன். கத்தியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டேன். அதன்பிறகு வாப்பாவுக்குக் கஞ்சி கொடுத்தேன், கை கால் கழுவிவிட்டேன், ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவரும் கண்ணால் என்னமோ கெஞ்சிக்கொண்டே இருந்தார்.

பெருநாள் காலை சாச்சா வண்டியில் வந்தார். பின்னால் ஒரு கொழுத்த கிடா கட்டியிருந்தது. வாப்பா அதைக் கண்டதும் விம்மி விம்மி அழத் தொடங்கிவிட்டார். உம்மா பதறிப்போய், “என்னத்துக்கு அழுறாரு? யார்ட கிடா இது?” என்று கேட்டா.

“காக்காட குர்பான் கிடாதான், பெருநாளைக்கு அறுக்கிறதுக்கு” என்றார் சாச்சா, தன் அண்ணனான வாப்பாவைக் காட்டி. “நோன்புக்குள்ளயே என்னட்டச் செல்லி வளக்கத் தந்தாரு. ஒங்களுக்குத் தெரியாதா?”

எங்களுக்குத் தெரியாது. பெருநாளைக்குக் கொஞ்சம் முன்னால் சொல்லலாம் என்று இருந்திருப்பார். அதற்குள் வாய் போய்விட்டது. நான் சாச்சாவிடம் கத்திக் கதையைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“குர்பான் குடுக்கிறவரு பிறை கண்டாப் பொறகு முடியில கை வைப்பாரா மகள்? அறுத்தாப் பொறகுதான் வழிக்கிற.”

அல்லாஹ்வே! அது எனக்கும் தெரிந்த வழக்கம்தான். படுக்கையில் கிடக்கிற மனிசன் குர்பான் கொடுக்கும் நிய்யத்தை மனதில் வைத்துக்கொண்டு கிடப்பார் என்று யார் நினைத்தது? ஜன்னலில் அவர் காட்டியது முந்தின மாலை பிறந்த பிறையை. தம்பி மறந்துவிடுவாரோ என்று கேட்கவும் வழியில்லாமல், தன் பங்கை மட்டும் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

தாடி மண்டிய முகத்தோடு, சால்வையால் மூடாமல், ஊர் முழுக்கப் பார்த்திருக்க வாப்பா அன்று பெருநாள் தொழுகைக்குப் போனார். வந்ததும் முற்றத்தில் கதிரை போட்டு இருத்தினோம். சாச்சா தக்பீர் சொல்லிக் கிடாவை அறுத்தபோது, அவருடைய தோளில் வாப்பாவின் இடது கை இருந்தது. இறைச்சி பங்கு வைக்கத் தொடங்கியதும் வாப்பா என்னைத் தேடினார். கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

ஓடிப்போய்க் கத்தியை எடுத்துவந்தேன். கன்னங்கள் இரண்டும் நல்லபடியாக வழிந்தன. கழுத்துக்கு வந்தபோது அவர் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அலகுக்குப் பக்கத்தில் நரம்பு துடிப்பது தெரிந்தது. அதையே பார்த்ததில் கை தவறி, குரல்வளையோரம் சின்னதாக ஒரு கீறல் விழுந்தது. நுரையில் சிவப்பாக ஒரு பொட்டு பரவியது. கத்தியை எடுத்துக்கொண்டு விலகினேன். “எனக்கு ஏலா வாப்பா” என்று அழுதேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. இடது கையை நீட்டி என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, திரும்பவும் தன் கழுத்துக்கே கொண்டுபோய் வைத்தார்.