விரதக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ஊரில் யூனிட்டேரியன் சபை ஒன்று இருக்கிறது என்று சொன்னால், தாலுகா ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கிறவர்களே நம்ப மாட்டார்கள். சங்கரன்கோவில் என்றால் கோவில், பூ மார்க்கெட், விசைத்தறி, ஆடித்தபசுக் கூட்டம், அவ்வளவுதான் என்று நினைப்பு. ஆனால் இருக்கிறது. ரத வீதியிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், சென்னையில் தத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரின் வீட்டு மாடியில், ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குக் கூடும். கடவுள் ஒருவரே. சிலை இல்லை, பூசை இல்லை, பரிகாரம் இல்லை. மனிதர் எல்லோரும் ஒரே குடும்பம். அவரவர் மனசாட்சியே அவரவருக்குக் குரு. வெண்கலக் கிண்ணத்தில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துவிட்டு இதையே வாராவாரம் வேறு வேறு வார்த்தைகளில் சொல்வார்கள்.

நான் அங்கே ஏழு வருஷம் போனேன். என் கணவர் வேறு ஒருத்தியோடு குடும்பம் அமைத்துக்கொண்டு போன பிறகு, சொந்தக்காரர்கள் வளைகாப்புக்கு என்னைக் கூப்பிடுவார்கள். வளையல் போடுவதற்கு மட்டும் கூப்பிட மாட்டார்கள். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து சித்ரான்னம் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். சபையில் யாரும் என் கழுத்தைப் பார்க்கவில்லை. முதல் நாளே பேராசிரியர் என்னை முன் வரிசையில் உட்காரவைத்து, ஒரு பத்தியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டச் சொன்னார். அந்த நன்றியை விட்டுவிட்டு எழுதினால் இது பொய்யாகிவிடும். நன்றி இருந்த இடத்தில்தான் இப்போது இந்த அருவருப்பும் இருக்கிறது.

முப்பது பேர் உள்ள சபைக்கு நான்கு வட்டங்கள். வாசிப்பு வட்டம் ஒரே புத்தகத்தின் முன்னுரையைப் பதினோரு மாதம் விவாதித்தது. மூத்தோர் வட்டத்தில் ஆன்மாவைப் பற்றி ஆரம்பித்த பேச்சு ஐந்தாவது நிமிஷத்தில் சர்க்கரை அளவுக்கு வந்துவிடும். மகளிர் வட்டத்துக்கு ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை தலைவி. ஆணும் பெண்ணும் சமம் என்று அவர் பேசி முடித்ததும், ஆண்கள் குடித்த காபி டம்ளர்களை நாங்கள் கழுவிவைப்போம். நான்காவது இளைஞர் வட்டம். அது என் பொறுப்பு.

பதினான்கு வயதிலிருந்து இருபது வயதுவரை பதினொரு பிள்ளைகள். சபை நடக்கும்போது அதே மாடியில் பக்கத்து அறையில் அவர்களோடு உட்கார்ந்து பேசுவேன். எந்தக் கேள்வியையும் கேட்கலாம் என்பது ஒன்றுதான் விதி. பேராசிரியருக்கு அந்தப் பிள்ளைகள் மேல் பெரிய பெருமை. வெளியூர் விருந்தாளி யார் வந்தாலும் கதவைத் திறந்து, "இவர்கள்தான் எங்கள் எதிர்காலம்" என்று காட்டிவிட்டு மூடுவார். மீன் தொட்டியைக் காட்டுவதுபோல.

அந்தப் பதினொரு பேரில் ஒரு பெண், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனியிலிருந்து வந்தாள். அப்பா தறி ஓட்டுகிறவர். அவள் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் வருஷம். கூடப் படித்த தோழி ஒருத்தி அழைத்துவந்து சேர்த்தாள். அவள் வந்த அன்று பேராசிரியர் கைகூப்பி வரவேற்றார். "நம்ம சபை இன்னிக்குத்தான் முழுமை அடஞ்சிருக்கு" என்று மேடையில் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒருத்தி வந்ததும் முழுமை அடைகிற சபை, அதுவரை யாரை வெளியே நிறுத்தி வைத்திருந்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

மாதக் கடைசி ஞாயிறன்று கூட்டுச் சாப்பாடு. ஆளுக்கொன்று வீட்டிலிருந்து செய்து கொண்டுவர வேண்டும். எல்லாம் சைவம். அவள் முதல் மாதம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்தாள். எங்கள் பக்கத்தில் அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்கிற வாய் இல்லை. ஆனால் அன்று இருந்தது. ஹோமியோபதி மருத்துவர் உளுந்து வாயு என்றார். தலைமை ஆசிரியை எள் உடம்புக்குச் சூடு என்றார். அடுத்த மாதம் எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்தாள். புளிப்பு பல்லில் கூசுகிறது என்றார்கள். அதற்கடுத்த மாதம் வெறும் தயிர்ச்சாதம். சளி என்றார்கள்.

நான்காவது மாதம், சாப்பாடு முடிந்து பாத்திரம் எடுத்து வைக்கும்போது அவள் என்னிடம் சொன்னாள்.

"யக்கா, எங்க வீட்டுத் தூக்கு மட்டும் கனம் குறையாமலே திரும்பிப் போவுது."

"அப்படில்லாம் இல்ல பிள்ள. வயசான ஆளுக, பத்தியம்."

"கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் பத்தியம் இல்லியோ? ஒருத்தர் நாலு எடுத்தாரு."



வருஷத்துக்கு ஒரு தடவை இளைஞர் ஞாயிறு என்று ஒன்று உண்டு. அன்றைக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதிலிருந்து உரை வரைக்கும் பிள்ளைகளே நடத்துவார்கள். அந்த வருஷத் திட்டத்தைப் பிள்ளைகளே போட்டார்கள். யாரும் எதுவும் கொண்டுவர வேண்டாம். மாடி அடுக்களையில் பதினொரு பேரும் சேர்ந்து முப்பது பேருக்குச் சமைக்கிறோம். யோசனையைச் சொன்னது அவள் இல்லை, பிளஸ் டூ படிக்கிற ஒரு பையன். அவன் சொன்னதும் எல்லோரும் ஒரு நொடி அவளைப் பார்த்தார்கள். அவள், "சாம்பார் நான் வைக்கேன்" என்றாள். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது என்பது எனக்கு அப்போது புரிந்தது.

பேராசிரியரிடம் சொன்னேன். "அற்புதம்மா! உழைப்பும் வழிபாடும் ஒண்ணு!" என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும் வழியில் அவரிடமிருந்து போன்.

"ஏம்மா, சமையல் யாரு பாக்கிறா?"

"எல்லாரும் சேந்துதான் சார்."

"எல்லாரும்னா?"

"பதினொரு பேரும்."

"பிள்ளைக பாவம், வேக்காட்டுல கஷ்டப்படும். நம்ம மெஸ்ல சொல்லிருவமா? பரிமாறுறத மட்டும் அவங்க செய்யட்டும். பரிமாறுறதுகூட... அத நம்ம மகளிர் வட்டம் பாத்துக்கிடட்டுமே."

"பிள்ளைக ஆசைப்படுதாக சார். காய்கூட வாங்கியாச்சு."

"சரிம்மா, சரி. நான் சும்மா கேட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை சபைக்கு ஒருவர் குறையாமல் வந்திருந்தார்கள். பிளஸ் டூ பையன் உரையாற்றினான். நன்றாகவே பேசினான். கைதட்டினார்கள். பிறகு அவள் வாசலில் வந்து நின்று, "சாப்பாடு தயாரா இருக்கு. எல்லாரும் வாங்க" என்றாள். நெற்றியில் வேர்வை. சேலை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். பந்திப்பாய் விரித்து இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை.

முதலில் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் தொண்டையைச் செருமினார். போன மாதம்தான் அவர், விரதம் இருப்பது கடவுளுக்குக் கொடுக்கிற லஞ்சம் என்று முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். இப்போது சொன்னார்: "எனக்கு இன்னிக்கு சஷ்டிம்மா. ஒருபொழுது."

தலைமை ஆசிரியை கைப்பையை எடுத்துக்கொண்டார். "நாளைக்கு சோமவாரம் பாரு, நான் இன்னிக்கே ஆரம்பிச்சிட்டேன்." திங்கட்கிழமை விரதத்தை ஞாயிற்றுக்கிழமையே தொடங்குகிற பக்தி எங்கள் ஊர்க் கோவிலில்கூட நான் கண்டதில்லை. மருத்துவருக்கு வயிறு மந்தம். ஒரு தம்பதிக்கு வாசுதேவநல்லூரில் நிச்சயதார்த்தம். இன்னொருவர் காரணமே சொல்லாமல் செருப்பைத் தேடினார். சிலை வேண்டாம், சடங்கு வேண்டாம் என்று வருஷக்கணக்காய் முழங்கிய கூட்டம், ஐந்து நிமிஷத்தில் பஞ்சாங்கத்தின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

அவள் வங்கி மேலாளரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"சார், சஷ்டி நேத்தே முடிஞ்சிருச்சே. எங்கம்மா நேத்துத்தான் விரதம் இருந்தாக."

அவர் முகம் சிவந்தது. "அது வாக்கியப் பஞ்சாங்கம்மா. நான் திருக்கணிதம்."

சிரிக்கக் கூடாத இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பேராசிரியரைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார், பந்தி வரைக்கும் வந்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவர் குனிந்து, இலை ஓரத்தில் வைத்திருந்த வாழைப்பழம் ஒன்றை எடுத்து, நிதானமாகத் தோலை உரித்தார்.

"எனக்கு ஒரு பழம் போதும்மா. எளிமைதான் பெரிய விருந்து."

நின்றுகொண்டே தின்றார். தோலை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு படி இறங்கினார்.

கடையநல்லூரிலிருந்து எப்போதாவது வருகிற துணி வியாபாரி ஒருவர் மட்டும் சட்டைக் கையை மடக்கிவிட்டு இலையில் உட்கார்ந்தார். "ஏம்மா நிக்கிய? பசிக்கி. ஊத்துங்க" என்றார். சாம்பாரை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். பதினொரு பிள்ளைகளும் நானும் அவரும் சாப்பிட்டோம். முப்பது பேருக்கு வடித்த சோறு அப்படியே கிடந்தது. பையன்கள் அதை எடுத்துப்போய் பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அங்கே யாருக்கும் சஷ்டி இல்லை.

அடுத்த வாரம் நிர்வாகக் குழு கூடியது. சுகாதாரத்தை முன்னிட்டுக் கூட்டுச் சாப்பாட்டை நிறுத்துவது, அதற்குப் பதிலாகத் தேநீரும், ஆளுக்கொரு சிறிய பிஸ்கட் பாக்கெட்டும், பிரிக்காமல் கொடுப்பது என்று முடிவானது. "பிரிக்காமல்" என்பதை மருத்துவர் இரண்டு தடவை சொன்னார். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. என் கையெழுத்து நன்றாக இருக்கும். போன ஞாயிறு நடந்ததற்கும் குறிப்பு எழுதி வந்திருந்தேன். வழக்கம்போல எழுந்து வாசித்தேன்.

"இளைஞர்கள் சமைத்த உணவை, வங்கி மேலாளர் அவர்கள் திருக்கணிதப்படி சஷ்டி விரதம் இருந்தமையால் உண்ணவில்லை. மகளிர் வட்டத் தலைவி அவர்கள் மறுநாள் விரதத்தை முதல் நாளே தொடங்கியமையால் உண்ணவில்லை. பேராசிரியர் அவர்கள் தோல் உள்ள பழம் ஒன்று உண்டார்கள்."

தலைமை ஆசிரியை, "ஏட்டி, என்ன திமிரு உனக்கு!" என்றார். ஏழு வருஷத்தில் அவர் என்னை ஏட்டி என்றது அதுதான் முதல் தடவை. சமத்துவம் பேசும்போது எல்லோரும் "சகோதரி"தான்.

பேராசிரியர் கையமர்த்தினார். "இதெல்லாம் குறிப்புல வேண்டாமேம்மா."

"இதுல எது சார் பொய்?"

"பொய்னு நான் சொல்லல. அவசியம் இல்லன்னு சொல்றேன்."

நோட்டை அவர் முன்னால் மேஜையில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். தெருவில் நடக்கும்போது உடம்பெல்லாம் லேசாக இருந்தது. பெரிய காரியம் ஒன்றைச் செய்துவிட்ட நினைப்பு. நேரே ரயில்வே கேட்டைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போனேன். முதல் தடவையாகப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தறிச் சத்தத்தில் உள்ளே பேச முடியாமல் வெளியே வேப்பமரத்தடிக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். வாசித்த வரிகளை அப்படியே ஒப்பித்தேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிய" என்றாள். பிறகு, "உங்க பேரும் அதுல உண்டுமாக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கு என்ன? நான் அன்னிக்குச் சாப்பிட்டேனே."

"அன்னிக்குச் சாப்பிட்டிய. மொத மாசம் உளுந்தஞ்சோறு ஒரு கரண்டி வாங்கி, அப்பளத்த மேல மூடி வச்சு, அப்படியே எலையோட மடிச்சிய. நான்தானே எல எடுத்தேன்."

மறந்துவிட்டது என்று சொல்ல வாய் வந்தது. மறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வயிற்றில் எந்தக் குறையும் இல்லை. அருவருப்பும் இல்லை. இரண்டு பக்கமும் யாரும் தொடவில்லை என்பதைப் பார்த்தேன். முன் வரிசையில் எனக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. அதை ஒரு கரண்டிச் சோற்றுக்காக இழக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான். வளையல் போட என்னைக் கூப்பிடாத சொந்தக்காரிகளும் இப்படித்தான் அக்கம்பக்கம் பார்த்திருப்பார்கள்.

"தப்புதான் பிள்ள" என்றேன்.

"சரி விடுங்க" என்றாள். அது மன்னிப்பா, பேச்சை முடிக்கிற சொல்லா என்று தெரியவில்லை. உள்ளே அவள் அம்மா கூப்பிட்டார். அவள் போய்விட்டாள்.

பிள்ளைகள் பதினொரு பேரும் சபையை விட்டு நின்றார்கள். ஏழெட்டு வாரம் என் வீட்டில் கூடினோம். பிறகு பரீட்சை, வேலை, வெளியூர் என்று ஒவ்வொருவராகக் குறைந்து அதுவும் நின்றுபோனது. சபை நடக்கத்தான் செய்கிறது. புதிதாக மாட்டிய பேனரில் நான்கு வட்டங்களின் பெயரும் இருக்கிறது. இளைஞர் வட்டத்தில் இப்போது வங்கி மேலாளரின் பேரன்கள் இரண்டு பேர், விடுமுறைக்கு வரும்போது மட்டும்.

அவள் ராஜபாளையத்தில் ஒரு மில்லின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நான் ஆபீஸுக்கு நடந்து போகிற நேரத்தில் அவளுடைய பஸ் கடந்து போகும். சில நாள் ஜன்னலிலிருந்து கை காட்டுவாள். சில நாள் பார்த்தும் காட்டுவதில்லை.