கூரைக்கு அளவெடுத்த அக்கா

மயிலாடிக்கு அருகே எங்கள் ஓட்டு வீட்டில் பிறந்த அக்கா, அதே வீட்டில்தான் கண்மூடினார். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் பெருமையாகவே எழுதுகிறேன்.

இருபத்தாறு வயதில் கணவரை இழந்து திரும்பி வந்தவரிடம், "தம்பிக்க நெழல்ல ஒதுங்கி இரு" என்றார்கள் உறவினர்கள். அந்தத் தம்பியாகிய நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன்! அக்கா ஒதுங்கவில்லை. பட்டாசாலை என்று நாங்கள் சொல்லும் முன்கூடத்தில் தையல் மெஷினைப் போட்டு ஊருக்கே தைத்தார். என்னைப் படிக்க வைத்ததும் அந்த மெஷின்தான்.

பங்குனி வந்தால் ஓட்டுச் சூடு நேராகத் தலையில் இறங்கும். வேலைக்காகச் சவுதி போன நான் போனில் நச்சரித்தேன்: "இடிச்சிட்டு காங்கிரீட் வீடு கெட்டுவோம் அக்கா. இந்தச் சூட்டுல எப்பிடிக் கெடக்கிய?"

"வேணும்னா உனக்க மனையில கெட்டு மக்கா. இது நான் கெடக்குத வீடு. நான் செத்த பொறவு இடிச்சுக்க."

அந்த வாரமே தேங்காய் நாராகிய தென்னந்தும்பு வரவழைத்து, ஓட்டுக்கு அடியில் இடைவெளியே இல்லாமல் திணித்து, சாக்கால் மூடினார். ஆனி மழையில் ஒழுகிய தண்ணீரெல்லாம் தும்பில் ஊறி, மெஷின் மேலேயே பொத்தென்று விழுந்தது. ஊர் சிரித்தது. போனில் கேட்டு நானும் சிரித்தேன்; இன்றும் அதற்கு வெட்கப்படுகிறேன்.

அக்கா அசரவில்லை. "லூசு விடாம தச்சிட்டேன் மக்கா. சட்டைன்னாலும் கூரைன்னாலும் காத்து போக எடம் வேணும்லா?"

மழை விட்டதும் உடைந்த ஓடுகளை மாற்றினார். தையல் டேப்போடு ஏணியில் ஏறினார். பழைய வீடு, ஓட்டைத் தாங்கும் கைமரங்களில் எந்த இரண்டின் இடைவெளியும் ஒன்றாக இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவில் சாக்கு மெத்தை தைத்து, காய்ந்த தும்பை அடைத்து, ஓட்டுக்குக் கீழே நாலு விரல் லூஸ் விட்டுக் கம்பியால் கட்டினார். அடுத்த பங்குனியில் உச்சி வெயிலிலும் பட்டாசாலையில் உட்கார்ந்து தைத்தார். சிரித்தவர்கள் "சும்மா பாத்துட்டுப் போலாம்னு" வந்து, மத்தியானத் தூக்கம் முடித்துத்தான் போனார்கள்.

நோயில் விழுந்த கடைசி மாதங்களிலும் கட்டிலை அந்தக் கூரைக்குக் கீழேதான் போடச் சொன்னார். வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு மதினிக்கும், ஏணி பிடித்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் என் நன்றி என்றும் உண்டு.

சாம்பல் ஆறும் முன்னே "வீட்ட எப்ப இடிக்கிய?" என்று கேட்டவர்களுக்கும் நன்றி. பதிலை அச்சிலேயே தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நச்சரித்தாலும் அக்காவின் சொல்லைக் கடைசியில் நான் தட்டியதே இல்லை. இந்த ஒன்றை மட்டும் தட்டுகிறேன். செத்த பிறகு இடித்துக்கொள் என்றீர்களே அக்கா, இடிக்க மாட்டேன்.